எட்டடிக்குள் மட்டும் தெளியும் கண்ணாடி

1

இந்தக் கதை ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் அக்கா மகள் போனில் கூப்பிட்டாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, இடுப்பு எப்படி இருக்கு, எழுதுறீங்களா. மூன்று கேள்வி முடிந்ததும் வழக்கமாக வைத்துவிடுவாள். அன்றைக்கு வைக்கவில்லை.

“மாமா, எங்கிட்ட ஒரு கேமரா சும்மா கெடக்கு. நான் இப்பல்லாம் போன்லயே எடுத்துக்கிறேன். உங்களுக்கு அனுப்பவா?”

“எனக்கு எதுக்கும்மா கேமரா? நான் யாரை எடுக்கப் போறேன்?”

“ஜன்னல் வழியா தெருவ எடுங்க. தனியாத்தான இருக்கீங்க, பொழுது போகும். நல்ல கேமரா. கண்ணாடி இல்லாத கேமரா.”

“கண்ணாடி இல்லாம எப்படிம்மா படம் எடுக்கும்?”

“எடுக்கும் மாமா. இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான்.”

“எங்கிட்ட ஒரு கண்ணாடி இருக்கு. அத மாட்டிக்கலாமா?”

அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவள் சொன்னது முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடியை. பழைய கேமராவுக்குள் ஒன்று சாய்வாக இருக்குமாம், புதுசில் அது கிடையாதாம். நான் நினைத்தது முன்னால் மாட்டுகிற லென்ஸை. என் மூக்கின்மேல் உட்கார்ந்திருப்பதும் கண்ணாடி, சவரம் செய்யும்போது பார்ப்பதும் கண்ணாடி. பிறகு நான் என்ன செய்வேன்?

நாலு நாளில் பெட்டி வந்தது. பிரித்தால் கேமராவின் முன்பக்கம் ஒரு பெரிய ஓட்டை, அதற்கு ஒரு கறுப்பு மூடி. மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். “ஐயோ மாமா, லென்ஸ் அப்பவே கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. சொல்ல மறந்துட்டேன்.”

ஆக என் தப்பு சரியாகிவிட்டது. எல்லா அர்த்தத்திலும் கண்ணாடி இல்லாத கேமரா அது.

இதுதான் கதை பிறந்த இடம். (இல்லை. கதை பிறந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாடிப்படியில். அதை முதல் பக்கத்திலேயே சொல்ல வாய் வரவில்லை.)

2

முதல் வரியை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன். வீடு காலி செய்து கொடுப்பது என் தொழில். ஒரு வீட்டில் எதைத் தூக்கி எறிந்தார்கள் என்று பார்த்தால் அந்த வீட்டைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

‘அந்தக் கண்ணாடி ஒருவருடைய சட்டைப் பையில் பதினோரு வருஷம் இருந்தது.’
(நல்ல வரி. ஆனால் பையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று அடுத்த வரியில் சொல்ல வேண்டும். விட்டேன்.)

‘முன்னாள் இப்போது எப்படி இருப்பார் என்று’
(பாதியில் நிற்கட்டும்.)

‘நான் ஒரு சுமைதூக்கி. நாற்பத்தேழு வயதில்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன்.’
(இதைப் படித்ததும் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். இரக்கம் வந்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன். அடித்துவிட்டேன்.)

‘கயிறு அவிழ்ந்து’

இந்த நாலாவதுதான் பொய். அதற்கு வருகிறேன்.

எழுதுவது சாமான் பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில். முன்பக்கம் ‘கட்டில் 2, குளிர்பெட்டி 1, கண்ணாடி மேசை 1 (கீறல் ஏற்கனவே உண்டு)’ என்று இருக்கும். ஏற்கனவே உண்டு என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கீறல் நம் தலையில் விழும்.

3

முன்னாள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அலமாரி, குளிர்பெட்டி மாதிரியானவற்றை இரண்டு பேர் தூக்க வேண்டும். கனமான கம்பளியைச் சுற்றி, கயிறு கட்டி, இரு பக்கமும் ஒரு வளையம் விட்டுத் தோளில் மாட்டிக்கொள்வோம். முன்னால் நடப்பவர் முன்னாள். பின்னால் நடப்பவன் பின்னாள். எங்கள் கம்பெனியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷம் அவர் முன்னாள், நான் பின்னாள். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன்.

எழுத்து வகுப்பில் முதல் கட்டுரையில் ‘என் முன்னாள் எனக்கு மிகவும் பிடித்தவர்’ என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. “ஆள் இருக்கும்போதே முன்னாளா?” என்றார் பக்கத்து பெஞ்சு பேக்கரிக்காரர். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

பின்னாளுக்குப் பாதை தெரியாது. கண்ணுக்கு எதிரே அலமாரி. அதன் ஓரத்தில் முன்னாளின் பிடரி தெரியும், அதில் இரண்டு மடிப்பு, இடது மடிப்புக்குக் கீழே ஒரு மச்சம். குனிந்தால் குதிகால். அவ்வளவுதான். வழியை அவர் வாயால் சொல்வார். “திருப்பம்.” “தலை குனி.” மாடியிறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் “படி”, “படி”, “படி”. சமதளம் வந்தால் “தரை”. அவர் முகத்தை வரையச் சொன்னால் எனக்கு வராது. ஆயிரம் பேர் கூட்டத்திலும் பிடரியை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன்.

கண்ணாடி அவருடையது. ஒரு புகைப்படக்காரர் வீட்டைக் காலி செய்தபோது, குப்பைக்கு ஒதுக்கிய பெட்டியில் உடைந்த கேமரா ஒன்று கிடந்தது. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு, அதன் முன்பக்கத்துக் கண்ணாடியைத் திருகி எடுத்துக்கொண்டார். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் கல் மாதிரி கனம். படம் எடுக்க அல்ல, சிலாம்பு எடுக்க. மரப்பெட்டி தூக்கினால் கையில் மரத்துணுக்கு ஊசி மாதிரி ஏறிவிடும். அந்தக் கண்ணாடியை என் கைமேல் பிடித்து, சட்டைக் காலரில் குத்தி வைத்திருக்கும் ஊசியால் நெம்புவார்.

“ஆடாதடா. சின்னப் புள்ள மாதிரி கைய இழுத்துக்கிற.”

“வலிக்குதுண்ணே.”

“வலிக்கத்தான் செய்யும். அது உள்ளயே இருந்தா சீழ் பிடிக்கும். எது பரவால்ல?”

நான் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும் என்னை வாத்தியாரே என்று கூப்பிட ஆரம்பித்தார்.

“வாத்தியாரே, இந்தப் பெட்டில என்ன எழுதியிருக்கு?”

“‘உடையும் பொருள்’ண்ணே.”

“அது தூக்கும்போதே தெரியுதே. அதுக்கு ஒரு எழுத்து வேற.”

அவருக்கு எழுத்து தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார்.

(எழுதியவரைக்கும் படித்துப் பார்த்தேன். ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேன். குற்றம் செய்தவன் கையால் எழுதினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அவரிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கயிறு கட்டுவதில் அப்படி ஒரு கர்வம். தெருவில் யாரோ சைக்கிளில் மூட்டை கட்டிப் போனால் நிறுத்தி, “இது ஒரு கட்டாய்யா?” என்று அவிழ்த்துத் தானே கட்டிவிடுவார். அந்த ஆள் நன்றி சொல்லாவிட்டால் மத்தியானம் வரை திட்டுவார். “எங்கட்டு அவுந்து நீ பாத்திருக்கியாடா?” இதை வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் கேட்பார். நான் பார்த்ததே இல்லை.)

4

இனித் தள்ளிப்போட முடியாது.

முதல் வடிவம்: அன்று இரண்டாம் மாடியிலிருந்து ஓர் அலமாரியை இறக்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் கயிறு அவிழ்ந்து

இல்லை.

இரண்டாம் வடிவம்: அவர் “படி” என்றார். அப்போது நான் மூன்று மாதமாகத்தான் எழுத்து படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர் இறங்கச் சொன்ன படியை நான் வாசிக்கச் சொன்ன படியாக எடுத்துக்கொண்டு, நின்று வாசித்தேன்.

இந்த இரண்டாவது வடிவம் மிக அழகாக இருக்கிறது. ஒரே சொல், இரண்டு அர்த்தம், ஒரு விபத்து. யாரும் குற்றவாளி இல்லை, மொழிதான் குற்றவாளி. எழுதி முடித்த அன்று எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, இதுவும் பொய். அவர் “படி” என்று சொல்வதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன். பத்தொன்பது வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டவன் அதைத் தப்பாகக் கேட்க மாட்டான். கேட்டது. கால் போகவில்லை. கண் அந்தத் தாளில் இருந்தது.

அந்த மூன்று மாதமும் எங்கே எழுத்தைக் கண்டாலும் நின்றுவிடுவேன். சோப்பு உறை, பஸ் சீட்டு, மாத்திரை அட்டை எதையும் விடமாட்டேன். அன்றைக்குக் கதவில் இருந்தது: ‘மணி வேலை செய்யவில்லை. கதவைத் தட்டவும்.’ நான் ‘மணி வேலை செய்’ வரைக்கும் வந்திருந்தேன்.

நான் நின்றேன். அவர் இறங்கினார். தோளில் இருந்த கயிறு அவரைப் பின்னால் இழுத்தது. வைக்கப் போன கால் படியின் ஓரத்தில் பட்டு மடங்கியது. அலமாரி சாய்ந்து அவர்மேல் வந்தது. அதன் கீழ்விளிம்பு சரியாக அவர் முழங்காலின் மேல்.

அலமாரியைத் தூக்க வேண்டுமானால் அவர் தோளில் இறுகியிருந்த கயிற்றை எடுத்தாக வேண்டும். கத்தி கீழே வண்டியில் இருந்தது. வலியில் அவருக்கு நினைவு தப்பியிருந்தது. நான் விரலால் அவிழ்த்தேன். அவ்வளவு கனம் இழுத்தும் அந்த முடிச்சு இம்மி நகரவில்லை. கல்லாக இருந்தது. வலது கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. பல்லாலும் கடித்து இழுத்தேன். ஒருவழியாக வந்தது.

பிறகு நாலு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து விழுந்து உருண்டு கிடந்த கண்ணாடியை நான் தூக்கினேன். விளிம்பில் ஒரு நசுங்கல். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அவரைக் கீழே கொண்டுபோன அந்த அரை நிமிஷத்தில், அங்கேயே நின்று தாளின் மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

சூப்பர்வைசர் மேலே வந்தார். படியில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“என்னய்யா ஆச்சு?”

“கட்டு அவுந்துருச்சு சார்.”

எழுதும்போதுதான் பார்க்கிறேன். பேச்சில் ‘அவுந்தது’, ‘அவுத்தது’. எழுத்தில் ‘அவிழ்ந்தது’, ‘அவிழ்த்தது’. நடுவில் ஒரே ஓர் எழுத்து. ‘ந்’ போட்டால் தானாக நடந்தது, ‘த்’ போட்டால் ஒருவன் செய்தது. நான் அன்று ‘ந்’ போட்டேன். அந்த ஓர் எழுத்தில் குற்றம் என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டது. கட்டியது அவர்தானே.

அவருக்குக் கால் நேராகவில்லை. வேலைக்குத் திரும்பவில்லை. நான் பார்க்கப் போகவில்லை. ஒரு வாரம் போகாதவனுக்கு ஒரு மாதம் போகாமலிருப்பது எளிது. மாதம் போகாதவனுக்கு வருஷம். எனக்கு அதன்பின் ஜோடி கிடையாது. படியில் ஏறி இறங்குகிற சக்கர வண்டி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது எதுவும் பேசாது.

5

(மேலே எழுதியதை ஒரு வாரம் தொடவில்லை. கேமராவுக்கே வருகிறேன். அது மனசுக்கு லேசாக இருக்கிறது.)

கண்ணாடியின் பின்பக்கம் மரை போட்டிருக்கும், திருகி மாட்டுவது. கேமராவின் வாய் வேறு மாதிரி, தட்டித் திருப்பிப் பூட்டுவது. இரண்டும் ஒட்டாது. பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தேடிப் போனேன். ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு. கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“யார் வெச்சிருந்தது ஐயா இத?”

“கூட வேல பாத்தவரு. சிலாம்பு எடுக்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “லென்ஸ வெச்சு எதெதுக்கோ உபயோகிச்சவங்கள பாத்திருக்கேன். இது புதுசு.” உள்ளே இருக்கும் தகடுகள் எண்ணெய் இறங்கி ஒட்டிக்கொண்டுவிட்டன என்றார். “வெளிச்சம் போற துளை முழுசாத் திறந்தே நிக்கும். சின்னதாக்க முடியாது. ஒரு நேரத்துல ஒரு பொருள்தான் தெளிவா இருக்கும், அதுக்கு முன்ன பின்ன எல்லாம் கலங்கிடும். பரவால்லையா?”

“ஒரே ஒரு ஆளத்தான் எடுக்கணும்.”

டப்பாவைத் துழாவி ஒரு வளையத்தை எடுத்தார். அடாப்டர். இரண்டு விரல் அகலம், ஒரு பக்கம் மரை, ஒரு பக்கம் பூட்டு. நான் அதற்குள் எட்டிப் பார்த்தேன். எதுவும் இல்லை.

“உள்ள கண்ணாடி எதுவும் இல்லையேம்மா?”

“தேவையில்ல. பழைய கேமராவுல உள்ள ஒரு கண்ணாடி இருந்துச்சுல்ல, அது ஆடறதுக்கு எடம் வேணும்னு லென்ஸத் தள்ளி வெச்சிருந்தாங்க. இப்ப அந்தக் கண்ணாடி இல்ல. ஆனா இந்த லென்ஸுக்கு அது தெரியாதே. அது இன்னும் அந்தத் தூரத்துலதான் நிக்கணும். அந்தத் தூரத்துக்குத்தான் இந்த வளையம். காலி எடத்த அப்படியே வெச்சிருக்கும். அவ்வளவுதான் இதோட வேலை.”

(இந்த இடத்தில் ஒரு பெரிய வாக்கியம் எழுதலாம் என்று பேனா துடிக்கிறது. இல்லாமல் போன ஒன்றுக்கும் எனக்கும் நடுவே, நானும் ஒரு வளையம் போல… போதும். நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.)

மாட்டினார். பொத்தானை அமுக்கினார். கேமரா எடுக்கவில்லை. திரையில் ஏதோ எழுத்து வந்தது. எனக்கு அந்த மொழி தெரியாது.

“என்ன சொல்லுது?”

“லென்ஸே இல்லங்குது.”

“இதோ இருக்கே.”

“இருக்கு. ஆனா இதுல மின்சாரத் தொடர்பு எதுவும் இல்ல. புது லென்ஸ்னா கேமராவோட பேசும். இது பேசாது. பேசாததெல்லாம் அதுக்கு இல்லாத மாதிரி.” உள்ளே போய் ஏதோ ஓர் இடத்தில், லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று மாற்றிவைத்தார். இரண்டாம் தடவை அமுக்கியதும் எடுத்தது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் எத்தனை பேர் பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட்டார்களோ.

தெளிவு பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடியின் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். எது தெளிகிறதோ அதன் ஓரங்களில் திரையில் சிவப்புக் கோடு ஓடும். மேசைமேல் இருந்த அவருடைய டம்ளரைத் தெளிய வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைத் தெளிய வைத்தேன். வாசலுக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்துத் திருப்பினேன். கடைசி வரை திருப்பியும் சிவப்பு வரவில்லை.

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வளையத்தைக் கழற்றி அளந்தார். “அட. இது தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூட. மட்டமான சரக்கு. எட்டடிக்குள்ளதான் தெளியும். தூரத்துல எதுவும் தெளியாது. வேற வரவழைச்சுத் தரேன், பத்து நாள் ஆகும்.”

“சரிம்மா. அதுவரைக்கும் இது இருக்கட்டும்.”

மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற அந்தக் கடையில் அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவரோடு அவ்வளவு நேரம் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று தெருவுக்கு வந்துதான் எண்ணிப் பார்த்தேன். எண்ணியது பிடிக்கவில்லை.

6

என் திட்டம் இதுதான். அவர் வீடு எனக்குத் தெரியும். தரைத்தளம், தெருவைப் பார்த்த ஜன்னல், பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார் என்று கேள்வி. எதிர்ச்சாரியில் மூடிக்கிடக்கும் ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாமல் அவர் முகத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. பிடரி மட்டும் தெரிந்தவனுக்கு ஒரு முகம். அதோடு முடிந்தது.

(கவனியுங்கள். இந்தத் திட்டத்தில் அவரிடம் பேசுவது இல்லை.)

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. ஆள் இருந்தார். கேமராவைத் தூக்கினேன். தெருவின் அகலம் இருபத்தைந்து அடி இருக்கும். கண்ணாடியைக் கடைசி வரை திருப்பினேன். ஜன்னல் ஒரு கலங்கல், அதற்குள் சட்டை நிறத்தில் ஒரு கலங்கல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளுப்பாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குக் கீழே இரண்டு கையும் ஏதோ செய்துகொண்டிருந்தன. மேலே போயின, சுற்றின, இழுத்தன. நின்றன. மறுபடி மேலே. தைக்கிறாரா? கூடை பின்னுகிறாரா? ஏதாவது கைவேலை கற்றுக்கொண்டிருப்பார், நல்லதுதான், பொழுது போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு நிம்மதி. அதை மறைக்கப் போவதில்லை.

கேமராவை இறக்கி வெறும் கண்ணால் பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடிக்கும் பவர் மாற்ற வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது. தெரியவில்லை.

பத்து நாள் பொறுத்தால் சரியான வளையம் வரும். அப்போது தூரத்திலிருந்தே எல்லாம் தெளியும். இங்கேயே உட்கார்ந்து எடுத்துவிடலாம். அப்படியே எழுந்து போயிருந்தால் இந்தக் கதை ஆறாவது பகுதியோடு முடிந்திருக்கும், உங்களுக்கும் எனக்கும் வேலை மிச்சம்.

எழுந்து தெருவைத் தாண்டினேன். ஏன் என்று கேட்காதீர்கள். தைரியம் என்று எழுதினால் பொய். அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்று பார்க்கணும் போலிருந்தது. எழுத்தைக் கண்டால் நின்றுவிடுகிற அதே புத்திதான்.

7

கதவைத் திறந்தது அண்ணி.

“தம்பியா?” கொஞ்ச நேரம் பார்த்தார். “வழி தெரிஞ்சுதா?”

பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல். “யாரு, பின்னாளா? வாடா. ஆறு வருஷமா பின்னாலயே நின்னுட்டியா?”

முடி முழுக்க நரைத்திருந்தது. வலது கால் ஒரு ஸ்டூலின்மேல் நீட்டியிருந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். கையில் கயிறு. எதிரே ஒரு மர நாற்காலி, அதன் காலில் எங்கள் கட்டு. இரண்டு சுற்று, உள்ளே விட்டு வாங்கி, ஒரு மடிப்பு, ஓர் இழுப்பு.

“என்னடா கழுத்துல தொங்குது, கேமராவா? பெரிய ஆளாயிட்ட வாத்தியாரே.” பிறகு குனிந்து பார்த்தார். “இது நம்ம கண்ணாடியாச்சே.”

“ஆமாண்ணே. அன்னைக்குக் கீழ விழுந்துச்சு. எடுத்து வெச்சேன்.”

“தொலைஞ்சுதுன்னுல்ல நெனச்சேன். இவன் கைல ஏறுற சிலாம்ப யாரு எடுப்பா, என்ன பண்றானோன்னு அப்பப்ப நெனப்பேன்.”

அண்ணி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். எட்டடி என்ன, மூன்றடிதான் இருக்கும்.

“நீ வரமாட்டேன்னு தெரியும்டா,” என்றார் அவர். “கோவம் இருக்கும்ல. என் கட்டு அவுந்து உன்மேல சாஞ்சிருந்தா நீ செத்திருப்ப. நல்லவேளை என் காலோட போச்சு. உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான் நானும் ஆள் அனுப்பல.”

நான் நாற்காலிக் காலில் இருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இங்க பாரு. இப்படித்தான போடுவேன்? அன்னைக்கும் இப்படித்தான் போட்டேன்.” இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நாற்காலியே நகர்ந்து வந்தது, முடிச்சு வரவில்லை. “அவுருதா? இல்ல. ஈரமா நனைச்சுப் பாத்தேன், அவுரல. எண்ணெ தடவிப் பாத்தேன், அவுரல. அன்னைக்கு மட்டும் எங்கடா விட்டேன்?”

“ஆறு வருஷமா இதே வேலை தம்பி,” என்றார் அண்ணி. “நாற்காலிக் கால் தேஞ்சே போச்சு. சொன்னா கேக்கறாரா.”

“நீ சும்மா இரு. அவன் பின்னாடி இருந்தவன். அவன் பாத்திருப்பான்.” என்னைப் பார்த்தார். உள்ளே வந்ததிலிருந்து முதல்முறை முகத்துக்கு நேராகப் பார்க்கிறேன். “சொல்லுடா. ரெண்டாவது சுத்துல தளர்ந்துச்சா? என்ன பாத்த?”

“அண்ணே, அந்தக் கட்டு… அவு”

இந்த இடம் வரைக்கும் இரண்டு சொல்லும் ஒன்றுதான். அடுத்த எழுத்தில்தான் பிரியும். என் வாய் அங்கேயே நின்றது.

“என்னடா?”

“ஆடாதீங்கண்ணே,” என்றேன். கேமராவைத் தூக்கினேன். வளையத்தைத் திருப்பினேன், சிவப்பு வந்தது, அமுக்கினேன்.

“அட, சொல்லிட்டு எடுக்கக் கூடாதா? சட்டையாவது மாத்தியிருப்பேன்.” அவர் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை குரல் வந்தது. “கண்ணாடிய நீயே வெச்சுக்கடா. உனக்குத்தான் அது தேவை.”

8

படம் என்னிடம் இருக்கிறது. கயிறு அவ்வளவு தெளிவு. ஒவ்வொரு புரியையும் எண்ணலாம். முடிச்சைப் பிடித்த விரல்கள், நகத்தின் கோடுகள், எல்லாம் துல்லியம். அதற்கு ஒரு முழம் பின்னால் இருந்த முகம் கலங்கிப்போயிருக்கிறது. துளை முழுசாகத் திறந்தே நிற்கிற கண்ணாடி அல்லவா, ஒரு நேரத்தில் ஒன்றுதான். என் கை எதைத் தெளிய வைத்தது என்று அப்போது நான் பார்க்கவில்லை.

இதுவரை எழுதியதை அக்கா மகளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

“லைன்ல இருக்கியாம்மா?”

“இருக்கேன். அவரு மன்னிச்சிட்டாருன்னு எழுதிடுங்க மாமா. நல்லா முடியும்.”

எழுதிப் பார்த்தேன். நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் என் தோளில் தட்டி, போடா பைத்தியக்காரா என்கிறார். இது அவர் இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் முதலில் ஒரு மணி நேரம் அந்தக் கட்டைப் பற்றித்தான் பேசுவார். அதற்கப்புறம் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத வரவில்லை.

இன்னொன்று: என்னை வெளியே போகச் சொல்கிறார், கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார். இதை எழுதியபோது அழுகை வந்தது. வந்ததும் தாளைக் கிழித்தேன். எனக்காக நானே அழுவதற்கு அவருடைய கோபத்தை ஏன் கடன் வாங்க வேண்டும்?

மூன்றாவது: ‘எனக்கு அப்பவே தெரியும்டா’ என்கிறார். இதுதான் இருப்பதிலேயே கெட்டிக்கார முடிவு. வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த நாற்காலிக் கால் ஏன் தேய்ந்தது?

சரியான வளையம் வந்துவிட்டதாகக் கடைக்கார அம்மா சொல்லி அனுப்பினார். போய் வாங்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதலாம். எழுதினால் போனது போலவே ஆகிவிடும், போகவும் மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். இதையெல்லாம் ஒரு பயமும் இல்லாமல் எழுத முடிந்ததற்கும் காரணம் அதே மாதிரி ஒன்றுதான். அவருக்கு வாசிக்கத் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. உலகத்தில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்ல ஒரு வழியைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருப்பதைத் தருகிறேன்.

அந்தக் கட்டு அவிழவில்லை. நான்தான் அவிழ்த்தேன். ஆறு வருஷமாக இது ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அக்கா மகளோடு இருவரானோம். இப்போது உங்களுக்கும் தெரியும். அவர் இந்நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டாவது சுற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.